காபன் இழை ஸ்பொய்லர்: அழகுக்கு அப்பால் அறிய வேண்டியவை

தமது வாகனம் பிறரது வாகனத்திலிருந்து வேறுபட்டுத் தோன்ற வேண்டும் என்ற ஆர்வம் உலகெங்கும் இளைஞர்கள் மத்தியில் காணப்படுகின்ற ஒன்றாகும். வேகத்திற்குப் பெயர்பெற்ற செடான் கார்களின் டிக்கி மூடியின் விளிம்பில், வெளிச்சந்தையில் வாங்கிய காபன் இழை ஸ்பொய்லர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இந்த ஆர்வத்தின் வெளிப்பாடுகளில் ஒன்று. இது வீண் ஆடம்பரம் என ஒரு சாராரும், காரை வீதியோடு அழுத்திப் பிடிக்கும் பாதுகாப்புச் சாதனம் என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். ஆனால், இரு சாராரும் அடிப்படையான வினாவொன்றைத் தவறவிட்டு விடுகின்றனர் என்றே நாம் கருதுகின்றோம். குறிப்பிட்ட அந்த ஸ்பொய்லர், குறிப்பிட்ட அந்தக் காரில், எந்த வேகத்தில், என்ன விளைவை ஏற்படுத்துகின்றது என்பதை எவரேனும் அளந்து பார்த்திருக்கின்றனரா என்பதே அவ்வினாவாகும்.

ஸ்பொய்லர் செய்யும் பணி எளிதில் விளங்கக்கூடியதே. விரைந்து செல்லும் காரின் கூரையைக் கடந்து பின் கண்ணாடியின் சரிவில் இறங்கும் காற்று வேகம் கொள்ளும்போது, அவ்விடத்தில் காற்றின் அழுத்தம் குறைகின்றது. இதனால் காரின் பின்பகுதி சிறிதளவு மேல்நோக்கித் தூக்கப்படுகின்றது. பின் சக்கரங்கள் வீதியைப் பற்றிக்கொள்ளும் வலிமையும் அந்த அளவுக்குக் குறைகின்றது. டிக்கியின் விளிம்பில் எழுந்து நிற்கும் ஸ்பொய்லர் அந்தக் காற்றோட்டத்தைத் தடுத்து, டிக்கி மூடியின் மீதான அழுத்தத்தை உயர்த்தி, மேல்நோக்கித் தூக்கும் விசையைக் குறைக்கின்றது.

எனினும், இந்த விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவே மாறுகின்றது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். உதாரணமாக, 2.2 சதுர மீற்றர் முன்முகப் பரப்பைக் கொண்ட 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின்பகுதியின் தூக்கு விசைக் குணகத்தை ஸ்பொய்லர் 0.05 அளவால் குறைக்கின்றது எனக் கொண்டால், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கிடைக்கும் பயன் சுமார் 1.3 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். 100 கிலோமீற்றரில் அது சுமார் 5 கிலோகிராமாகவும், 200 கிலோமீற்றரில் சுமார் 21 கிலோகிராமாகவும் உயரும். நகர வீதியில் செல்பவருக்கு ஸ்பொய்லர் தரும் அழுத்தத்தைவிட டிக்கியில் வைக்கப்படும் இரண்டு கிலோ சீனிப் பை தரும் அழுத்தம் அதிகம் என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின் ஸ்பொய்லர் பயனற்றது எனத் தீர்ப்புக் கூறிவிடலாமா? கூறிவிட முடியாது. ஜேர்மனியின் அவுடி நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய டி.டி. என்ற சிறிய விளையாட்டுக் கார் இதற்குச் சான்றாகும். அதன் வளைந்த பின்புறத்தின் எழில் பெரிதும் பாராட்டப்பட்டது. அவ்வெழிலுக்குக் குறை நேராத வகையில் ஸ்பொய்லர் இன்றியே அது விற்பனைக்கு வந்தது. ஆனால், வேகக் கட்டுப்பாடற்ற ஜேர்மனிய நெடுஞ்சாலைகளில் மிகுந்த வேகத்தில் திரும்பும்போதும் ஒழுங்கை மாறும்போதும் அக்கார்கள் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளாகின. உயிர்களும் பலியாகின. இதனையடுத்து விற்கப்பட்ட கார்கள் மீள அழைக்கப்பட்டன. பின்புற ஸ்பொய்லர் பொருத்தப்பட்டதோடு, சில்லுத் தாங்கு தொகுதியில் மாற்றங்கள் செய்யப்பட்டு, இலத்திரனியல் உறுதிநிலைக் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டது.

இச்சம்பவத்திலிருந்து பெறவேண்டிய பாடம் இரு பக்கங்களைக் கொண்டது. உயர் வேகத்தில் சிறியதொரு துண்டும் உயிரைக் காக்கும் என்பது ஒரு பக்கம். அத்துண்டு அந்தக் காருக்கென்றே பரிசோதிக்கப்பட்டு, ஏனைய மாற்றங்களோடு சேர்த்தே பொருத்தப்பட்டது என்பது மறுபக்கம். வெளிச்சந்தையில் விற்கப்படும் ஸ்பொய்லர்கள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது பக்கம் இல்லை. பின் அச்சுக்கு அப்பால் மிகையான அழுத்தம் ஏற்படுமாயின், தராசின் ஒரு தட்டு தாழ மறுதட்டு உயர்வதைப் போல முன் சக்கரங்களின் மீதான சுமை குறையும். அந்நிலையில் சுக்கானைத் திருப்பினாலும் கார் உரிய அளவுக்குத் திரும்பாது. பின்புறத்தில் மட்டும் செய்யப்படும் மாற்றம் காரின் சமநிலையையே மாற்றிவிடக்கூடும்.

அடுத்து, காபன் இழை என்ற பெயருக்குள்ள கவர்ச்சியை நோக்குவோம். 1981 ஆம் ஆண்டில் மக்லாரன் நிறுவனம் போர்மியுலா வன் பந்தயக் காரின் உடற்கூட்டைக் காபன் இழையினால் அமைத்த பின்னர், இப்பொருள் வேகத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு சுமார் 7.8 கிராமாக இருக்க, காபன் இழைக் கலவையின் அடர்த்தி சுமார் 1.6 கிராம் மாத்திரமே. அதன் விறைப்போ மிக அதிகம். ஆனால், சிறிய ஸ்பொய்லர்கள் பெரும்பாலும் உருக்கினால் செய்யப்படுபவை அல்ல, பிளாஸ்டிக்கினால் செய்யப்படுபவை. அவற்றுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05 கிராம் அளவிலேயே உள்ளது. காபன் இழையை மெல்லியதாக வார்க்க முடியும் என்பது உண்மையே. எனினும், கையளவு அகலமான இப்பட்டியில் மிச்சமாகும் எடை 1,500 கிலோகிராம் எடையுள்ள காருக்கு ஒரு பொருட்டல்ல. மேலும், கண்ணாடி நாரின் மேல் ஒற்றைப் படலமாகக் காபன் துணியை ஒட்டியும் இப்பாகங்கள் செய்யப்படுகின்றன. காபன் என நம்பி வாங்குபவர் உண்மையில் தோலை மட்டுமே வாங்குகின்றார்.

வெப்ப வலய நாடுகளில் வாழும் நாம் கவனிக்க வேண்டிய விடயங்களும் உள்ளன. காபன் இழையைப் பிணைத்துள்ள எபொக்சி ரெசின், புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் மேற்பூச்சு இல்லாதவிடத்து வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடும். காபன் மின்னைக் கடத்தும் பொருளாகையால், டிக்கி மூடியில் துளையிட்டு அதனைப் பூட்டும்போது, வெளிப்பட்ட உருக்கையோ அலுமினியத்தையோ அது தொட்டுக்கொண்டிருந்தால், ஈரப்பதனின் துணையோடு அவ்வுலோகம் விரைவாக அரிக்கப்படும். உப்புக் காற்று வீசும் கரையோரங்களில் இது இன்னும் வேகமாக நிகழும். இடையே மின்கடத்தா அடுக்கொன்றை வைத்து, துளையின் விளிம்பை வர்ணத்தால் மூடுவது அவசியமாகும்.

துளையிடாது இருபக்க ஒட்டுப் பட்டியினால் ஒட்டுவோரும் உளர். டிக்கி மூடியிலுள்ள மெழுகையும் எண்ணெயையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலினால் துடைத்து, சுமார் 20 முதல் 38 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில், நன்கு அழுத்தி ஒட்டும்போதே அது உறுதியாகப் பிடிக்கும். நண்பகல் வெயிலில் காய்ந்த தகட்டின் மீது ஒட்டுவது தவறாகும். முழுமையான பிடிப்பைப் பெறுவதற்கு 72 மணித்தியாலங்கள் வரை செல்லலாம் என்பதால், ஒட்டிய மறுநாளே காரை உயர் அழுத்த நீரில் கழுவுவதும் வேகமாக ஓட்டுவதும் ஆபத்தானவை.

பிடிப்புத் தளர்ந்தால் நேரக்கூடியது என்ன என்பதைப் பந்தயத் திடலின் வரலாறு சொல்கின்றது. 1969 ஆம் ஆண்டு மே மாதம் பார்சிலோனாவில் நடைபெற்ற ஸ்பானிய கிராண்ட் பிரீ போட்டியில், லோட்டஸ் அணியின் கிரஹம் ஹில், யோஹன் ரிண்ட் ஆகிய இருவரது கார்களும் உயரமான பின் இறக்கைகள் முறிந்ததால் ஒரே இடத்தில் மோதி நொறுங்கின. ரிண்ட் காயமடைந்தார். அடுத்து நடைபெற்ற மொனாக்கோ போட்டியிலேயே உயர் இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. திறமைமிக்க பொறியியலாளர்களின் கைவண்ணமே அவ்வாறு முறியுமாயின், வீதியோரக் கராஜில் அவசரமாகப் பூட்டப்படும் பாகத்தைப் பற்றி என்ன சொல்வது? நெடுஞ்சாலையில் அது கழன்று பறக்குமாயின், அதற்கான விலையைச் செலுத்துபவர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியே ஆவார்.

இவ்விடயத்தில் ஜேர்மனியின் அணுகுமுறை கவனத்திற்குரியது. 1973 ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் பந்தயத்திற்கெனத் தயாரித்த 3.0 சி.எஸ்.எல். காரின் பெரிய பின் இறக்கை ஜேர்மனிய வீதிகளில் அனுமதிக்கப்படாமையால், அது பூட்டப்படாமல் டிக்கிக்குள் வைத்தே வாடிக்கையாளரிடம் கையளிக்கப்பட்டது. உற்பத்தியாளரேயானாலும் விதி விதியே என்பதை இது காட்டுகின்றது. அதேவேளை, அந்நாடு மேலதிகப் பாகங்கள் அனைத்தையும் தடைசெய்துவிடவில்லை. குறிப்பிட்ட கார் வகைக்கெனப் பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட பாகத்தை எவரும் பொருத்தலாம். சான்றின் தன்மைக்கேற்ப அதன் பத்திரத்தைக் காரில் வைத்திருக்கவோ, பொருத்திய பின்னர் பரிசோதகரிடம் காட்டி உறுதிப்படுத்தவோ வேண்டும். பிறருக்கு ஆபத்தை விளைவிக்கும் மாற்றத்தைச் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே அற்றுப்போகும். ஆசைக்குத் தடையில்லை, ஆதாரம் மட்டுமே கேட்கப்படுகின்றது.

எமது நாட்டில் 2025 ஜனவரியில், பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்ட மேலதிக அலங்காரப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் முன்னெடுத்தபோது, எது ஆபத்தானது, எது வெறும் அலங்காரம் என்ற சர்ச்சை எழுந்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அளவீடும் சான்றும் இல்லாதவிடத்து இத்தகைய சர்ச்சைகள் வாகனச் சாரதிக்கும் பொலிஸாருக்கும் இடையிலான வாக்குவாதமாகவே முடிவடையும். ஆகவே, தடைக்கும் தாராளத்திற்கும் இடைப்பட்ட பரிசோதனை முறையொன்றே உரிய வழி என்பது எமது நிலைப்பாடாகும்.

அதிவேக நெடுஞ்சாலையிலும் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் செல்ல அனுமதியில்லாத எமது வீதிகளில், ஸ்பொய்லர் தரும் பயன் பெரும்பாலும் கண்ணுக்கே உரியது. அழகுக்காக ஒருவர் அதனை விரும்புவதில் தவறில்லை. ஆனால், அது பின்பார்வையை மறைக்காதிருக்கின்றதா, உயர்ந்த பிரேக் விளக்கு தெரிகின்றதா, விளிம்பு கூர்மையற்று மழுங்கியுள்ளதா, காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பாதுகாப்பே நோக்கமெனின், அப்பணத்தைத் தேய்ந்த ரயர்களை மாற்றவும் பிரேக்கைச் சீர்செய்யவும் செலவிடுவதே விவேகமாகும். அவற்றின் பயன் 30 கிலோமீற்றர் வேகத்திலும் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கார்ச் சாவியைக் கையளிக்கும் பெற்றோரும் இந்த முன்னுரிமையை அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், அது வீதியில் செல்லும் அனைவருக்கும் நன்மை பயக்கும்.