விரைவும் பயனும்

விரைந்து செல்வதே சிறந்தது என்று எண்ணுதல் உலகோர் இயல்பு. ஆயின், ஒரு கருவியின் சிறப்பு அதன் விரைவினால் மட்டும் அமைவதன்று. மேற்கொண்ட வினைக்கு அது பொருந்துதலினாலும் அமைவதாகும். கம்பியில்லாத் தொலைபேசிக்கென வகுக்கப்பட்ட ‘டெக்ட்’ என்னும் முறை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இம்முறை 1992-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வெளியிடப்பட்டது. வீட்டினுள் நடந்தவாறே பேசுதற்குரிய தொலைபேசிக்கு இது பெரிதும் பயன்பட்டது. இதன்கண் பேச்சு செல்லும் வழியொன்று நொடிக்கு 32 ஆயிரம் பிட்களையே சுமக்கும். பிட் என்பது கணிப்பொறி அறியும் மிகச் சிறிய குறி. அஃது ஒன்றாகவோ சுழியாகவோ இருக்கும். இக்காலத்து வைஃபை முறையோ நொடிக்குப் பல கோடிப் பிட்களைச் சுமக்க வல்லது. அங்ஙனமாயின், மெல்லச் செல்லும் முறையால் பயன் உண்டோ என்னும் ஐயம் எழும்.

1990-களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர், இம்முறையைத் தழுவிக் ‘கார்டெக்ட்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். ஊர்தோறும் கம்பி இழுக்கப் பெரும்பொருள் வேண்டும். கார்டெக்டின் அலைகளோ, மறைப்பின்றேல், கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை சென்றன. நொடிக்கு 35 ஆயிரம் அல்லது 70 ஆயிரம் பிட் அளவில் இணையமும் அதன்வழிக் கிடைத்தது.

2000-களின் தொடக்கத்தில் மதுரையை அடுத்த மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இவ்வாறு இணைய நிலையங்கள் அமைந்தன. கண்ணோயுற்றோரின் விழிப்படங்கள் ஆங்கிருந்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. 70 ஆயிரம் பிட் விரைவில், 70 கிலோபைட் அளவுள்ள படமொன்று சென்று சேர 8 நொடியே ஆகும். அதே வழியில் ஒரு ஜிகாபைட் அளவுள்ள திரைப்படத்தை அனுப்பினாலோ 31 மணி நேரத்திற்கும் மேலாகும். திரைப்படத்திற்குப் பயன்படாத வழி, ஒருவர் கண்ணொளியைக் காக்கப் போதியதாயிற்று.

பின்னர்க் கைப்பேசி எங்கும் பரவவே, கார்டெக்ட் வழக்கொழிந்தது. எனினும் டெக்ட் அழிந்திலது. புகை எழுந்ததையோ கதவு திறந்ததையோ அறிவிக்கச் சில பிட்களே போதும். அத்தகைய கருவி பெரும்பொழுது உறங்கி, வேண்டும்போது மட்டும் விழித்துச் செய்தி உரைக்கும். ஆதலின் சிறு மின்கலமே அதற்கு நெடுநாள் உதவும். இதன் வழிவந்த புதிய முறையொன்றை 2022-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்தாம் தலைமுறை முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். விரைவு வேண்டுமிடத்து விரைவையும், சிக்கனம் வேண்டுமிடத்துச் சிக்கனத்தையும் தேர்ந்து கொள்வதே அறிவுடைமையாகும்.