மறதி இல்லாத மறதிநோய்

1991ஆம் ஆண்டு. மேடையில் பியானோ காத்திருக்கிறது. லிலியன் கல்லிர் அன்று வாசிக்க வேண்டியது மொசார்ட்டின் 19ஆம் கான்செர்ட்டோ. கடைசி நேரத்தில் நிகழ்ச்சி மாறி, 21ஆவதை வாசிக்க வேண்டும் என்றாயிற்று. பல்லாண்டுகளாக மேடையேறியவருக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. இசைத்தாளைப் பிரித்தார். கோடுகள் தெரிந்தன. கோடுகளின் மேல் உட்கார்ந்திருந்த கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் எதுவும் எதனோடும் ஒட்டவில்லை. புள்ளிகள் இருக்கின்றன, கோலத்தைக் காணோம். தாளை விட்டுவிட்டு நினைவிலிருந்தே முழுவதையும் வாசித்தார். ஒரு பிசகு இல்லை. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி அந்தச் சம்பவத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில் அச்செழுத்தும் கைவிட்டது. எழுத முடிந்தது, எழுதியதைத் தானே வாசிக்க முடியவில்லை. பிறகு படங்கள் குழம்பின. அதன்பின் எதிரில் இருக்கும் பொருள்களே குழம்பின. 1999இல் நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். சாக்ஸ் பரிசோதித்தபோது அவருடைய பேச்சு தெளிவாக இருந்தது, நினைவு திடமாக இருந்தது, குணத்தில் மாற்றமில்லை. கண்ணிலும் குறையில்லை. ஆனாலும் அவருக்கு வந்திருந்தது டிமென்ஷியா வகையைச் சேர்ந்த ஒரு நோய்.

தமிழில் டிமென்ஷியாவை ‘மறதிநோய்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்பது என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குள் அடங்காத நோய் இது. இதன் பெயர் போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோபி. மூளைப் புறணியின் பின்பகுதி தேய்ந்து சுருங்குவது என்று பொருள். மருத்துவர்கள் சுருக்கமாக பிசிஏ என்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1988இல் ஐந்து நோயாளிகளை விவரித்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

பார்வைக்கும் பிடரிக்கும் என்ன சம்பந்தம்? கண் வெறும் வாசல்தான். விழித்திரையில் விழும் ஒளி நரம்புத் துடிப்பாக மாறி, தலையின் நீளம் முழுவதும் பயணம் செய்து, பிடரிக்கு மேலே உள்ள பின்மடலைச் சேர்கிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. காதோரமாகக் கீழே செல்லும் பாதை, பார்ப்பது என்ன என்று கண்டறிகிறது: எழுத்தா, முகமா, கரண்டியா. உச்சியை நோக்கி மேலே செல்லும் பாதை, அது எங்கே இருக்கிறது, கையை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து அங்கர்லைடர், மிஷ்கின் என்ற இரு விஞ்ஞானிகள் 1982இல் இந்த இரட்டைப் பாதையைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள்.

மேல்பாதை கெட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் பதிவு செய்திருந்தார். புடாபெஸ்ட் மருத்துவர் ரெஜோ பாலின்ட் 1909இல் விவரித்த நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் தெரியும். பக்கத்திலேயே இன்னொன்று இருந்தாலும் அது அவருக்கு இல்லாத பொருள். கண் பார்த்ததைக் கை பிடிக்காது. சிகரெட்டைப் பற்றவைக்கும்போது நுனியை விட்டுவிட்டு நடுவில் நெருப்பை வைப்பார். மூளையின் இரு பக்கமும் உச்சிப் பகுதி சேதமானதன் விளைவு அது. அங்கே திடீரென்று நேர்ந்த சேதம் பிசிஏவில் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நேர்கிறது.

மெதுவாக வருவதால்தான் நோயைக் கண்டறிவதில் வழி தவறுகிறது. காரை நிறுத்தும்போது சுவரில் உரசும். படியில் இறங்கக் கால் தயங்கும். தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளம் போலத் தோன்றும். மேசையில் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடியைத் தேடுவார்கள். செய்தித்தாளின் பெரிய தலைப்பை வாசிக்கத் திணறும் ஒருவர், கீழே உள்ள பொடி எழுத்தை வாசித்துவிடுவதும் உண்டு. அவருடைய கவனத்தின் சாளரம் சுருங்கிவிட்டது. சின்ன எழுத்து அதற்குள் முழுதாக அடங்குகிறது, பெரிய எழுத்தின் ஒரு மூலைதான் அடங்குகிறது. இவ்வளவையும் கேட்ட யாரும் முதலில் கண் மருத்துவரிடம்தான் அனுப்புவார்கள். அங்கே பலகையில் எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டும்போது சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி மாறுகிறது, மறுபடி மாறுகிறது, சிலருக்குக் கண்புரை அறுவையும் நடக்கிறது. குறை மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணில் ஒன்றுமில்லை என்றதும் மனப்பதற்றம் என்ற முத்திரை விழுவதும் உண்டு.

16 நாடுகளைச் சேர்ந்த 1,092 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. அறிகுறி தொடங்கிய சராசரி வயது 59. அதாவது பலர் இன்னும் வேலையில் இருக்கும் வயது, டிமென்ஷியா என்று யாரும் சந்தேகப்படாத வயது. முதல் அறிகுறியிலிருந்து நோயை அடையாளம் காண ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடையாளம் காணும் சோதனைகள் எளியவை. கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். சின்னச் சின்ன எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய எழுத்தை உருவாக்கிய தாளைக் காட்டுவார்கள். தமிழில் அமைப்பதானால், பொடிப் பொடி ‘ப’க்களால் ஆன ஒரு பெரிய ‘ட’. நமக்கு முதலில் தெரிவது ‘ட’. பிசிஏ வந்தவர் விரலை வைத்து ப, ப, ப என்று சொல்லிக்கொண்டே போவார். ‘ட’ அவர் கண்ணில் படாது. நிறக்குருடு சோதனைக்கான இஷிஹாரா அட்டையைக் காட்டினால் சிவப்பு, பச்சை என்று நிறங்களைச் சரியாகச் சொல்வார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லத் தெரியாது. ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னால் கோடுகள் ஆளுக்கொரு திசையில் ஓடும். அதே மனிதரிடம் காலையில் என்ன சாப்பிட்டார், பேரப்பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. இங்கேயும் பழைய பழக்கம் குறுக்கே வரும். டிமென்ஷியா என்றதும் நினைவின் கூடாரமான ஹிப்போகாம்பஸைப் பார்ப்பார்கள். அது நன்றாகவே இருக்கும். தேய்மானம் பின்னாலும் உச்சியிலும் இருக்கிறது என்பது, அந்த இடத்தைப் பார்ப்பவருக்குத்தான் புலப்படும். பெட் ஸ்கேனில் அதே பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிப்பதும் தெரியும்.

இனி, இதற்கு என்ன பெயர் வைப்பது? இங்கேதான் சிக்கல். பிசிஏ என்பது சேதம் நடந்த இடத்தைச் சொல்கிறது. யார் செய்தது என்று சொல்வதில்லை. லண்டனின் செபாஸ்டியன் கிரட்ச் முன்னின்று, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2017இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். தமிழ்ப் பெயர்களின் முன்னால் ஊரின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும் நிற்குமே, கிட்டத்தட்ட அந்த முறைதான்.

முதல் படி, ஊர். இடத்தை உணர்வதில் குறை, ஒரே நேரத்தில் பலவற்றைப் பார்க்க முடியாமை, வாசிப்பு இழப்பு, கணக்கு இழப்பு, வலது இடது குழப்பம், உடை உடுத்துவதில் தடுமாற்றம் எனத் தொடரும் பட்டியலில் குறைந்தது மூன்றாவது தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். நினைவும் பேச்சும் குணமும் ஒப்பீட்டளவில் தப்பியிருக்க வேண்டும். கண்நோய், கட்டி, பக்கவாதம் ஆகியவை காரணமில்லை என்று உறுதியாக வேண்டும். இரண்டாம் படி, தனியாக வந்ததா, துணையோடு வந்ததா என்பது. கைகால் விறைப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது போன்ற வேறொரு மூளைநோயின் இலக்கணமும் பொருந்தினால் அது ‘பிசிஏ பிளஸ்’. மூன்றாம் படி, தகப்பன். முதுகுத்தண்டு நீரிலும் பெட் ஸ்கேனிலும் அமிலாய்டு, டௌ புரதங்களைத் தேடி மூலநோய் எதுவென்று முடிவு செய்வார்கள்.

பெரும்பாலும் தகப்பன் ஒருவரே: அல்சைமர். 2024 ஆய்வில், இறந்தபின் மூளையைச் சோதித்தவர்களில் 94 சதவீதத்தினரிடம் இருந்தது அல்சைமரின் தடயம்தான். மறதியின் மறுபெயராக நாம் நினைக்கும் அதே நோய், வேறொரு முகவரியில் குடியேறி, நினைவைத் தொடாமல் பார்வையைத் தின்கிறது. டௌ புரதம் எந்த இடத்தில் திரள்கிறதோ அந்த இடத்தின் வேலை கெடுகிறது. எஞ்சிய சிலரிடம் லூயி உருண்டை நோயோ வேறு அரிய நோய்களோ காரணமாக இருக்கின்றன. தகப்பன் பெயர் தெரிவதில் நடைமுறைப் பயன் உண்டு. அல்சைமருக்கான டோனெபெசில் போன்ற மாத்திரைகளைத் தந்து பார்க்கலாம். லூயி உருண்டை நோய் என்றால், மாயத்தோற்றத்துக்கு வழக்கமாகத் தரும் சில மனநோய் மருந்துகள் கடும் கெடுதல் செய்யும், அதைத் தவிர்க்கலாம்.

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. ஆனால் சரியான பெயர் கிடைத்ததும் வீடு மாறுகிறது. வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் போடாமல் நீலத் தட்டில் போடுகிறார்கள். படியின் விளிம்பில் பளிச்சென்ற நாடா ஒட்டுகிறார்கள். பூப்போட்ட விரிப்புகளை எடுத்துவிடுகிறார்கள். நேரத்தைக் குரலில் சொல்லும் கடிகாரம் வருகிறது. “கண்ணெதிரேதானே இருக்கு, தெரியலையா?” என்ற கேள்வி நிற்கிறது. டிஸ்க்வேர்ல்டு நாவல்களை எழுதிய டெர்ரி பிராட்செட், தமக்கு இந்த நோய் வந்திருப்பதை 2007 டிசம்பரில் அறிவித்தார். தட்டச்சுப் பலகை கைவிட்டதும் சொல்லிச் சொல்லி எழுதுவித்து, 2015இல் இறக்கும் வரை நாவல்கள் தந்துகொண்டே இருந்தார்.

கல்லிரும் தம் வீட்டைத் தமக்கு ஏற்ப அடுக்கி வைத்திருந்தார். நிறம், அளவு, வைத்த இடம் ஆகியவற்றைக் கொண்டே எது எதுவென்று அறிந்தார். ஒருமுறை சாக்ஸுக்குப் பியானோவில் ஹைடனின் நால்வர் இசை ஒன்றை வாசித்துக் காட்டினார். வானொலியில் கேட்ட உருப்படி. நான்கு தந்திக் கருவிகளுக்கான அதை இரண்டு கைகளுக்குப் பொருந்தும்படி மாற்றியமைத்திருந்தார், ஒரே இரவில், முழுக்க மனத்துக்குள்ளேயே. பியானோவின் மேல் இசைத்தாள் எதுவும் தேவைப்படவில்லை.