இ-சிம்: அட்டையில்லாத சிம்மும் எமது இலக்கமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் எமது கமக்காரக் குடும்பங்களுக்கு நிலையான முகவரி இல்லை. ஊரிலிருந்து காணிச் செய்தி வருவதும், வெளிநாட்டுப் பிள்ளை பேசுவதும், வங்கியின் இரகசியக் குறியீடு வருவதும் கைத்தொலைபேசி இலக்கத்திற்கே. ஆகவே, இப்போது பேசப்படும் இ-சிம்மைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

இ-சிம் என்றால் என்ன?

வழமையான சிம் அட்டையிலுள்ள சிறு சில்லில், எம்மை இன்னாரென்று வலையமைப்புக்குக் காட்டும் இரகசிய விபரம் பதிந்துள்ளது. இ-சிம் தொலைபேசியில் சில்லு உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. விபரம் மட்டும் இணையம் வழியாக வந்து பதியும். வயல் ஒன்றே, போகத்துக்குப் போகம் விதைப்பது மாறுவது போன்றது இது. இதற்கான பொது விதிகளை ஜி.எஸ்.எம்.ஏ. என்ற உலக அமைப்பு 2016இல் வெளியிட்டது. இலங்கையில் டயலொக், எஸ்.எல்.ரி.-மொபிற்றல் ஆகியன இச்சேவையை வழங்குகின்றன.

இயக்கும் முறை

1. *#06# என அழுத்துங்கள். இ.ஐ.டி. என்ற பெயரில் 32 தானங்கள் கொண்ட இலக்கம் தோன்றினால், உங்கள் தொலைபேசியில் இ-சிம் வசதி உண்டு.

2. தேசிய அடையாள அட்டையுடன் நிறுவனத்தின் கிளைக்குச் செல்லுங்கள். கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள்.

3. கியூ.ஆர். எனப்படும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத் தருவார்கள். வைபை இணைப்பில் இருந்தபடி, தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் ‘இ-சிம் சேர்’ என்பதைத் தெரிந்து, கட்டத்தைக் கமராவிற்குக் காட்டுங்கள். தொலைபேசி நிறுவனத்தின் கணினியைத் தொடர்புகொண்டு விபரத்தைப் பெற்றுக்கொள்ளும்.

4. அதே இலக்கத்தை மாற்றினால் பழைய அட்டை செயலிழக்கும். கிளையை விட்டு வெளியேறுமுன் ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

கியூ.ஆர். கட்டம் வீட்டுத் திறப்பைப் போன்றது. அதன் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். வேறொருவர் அதை முந்திப் பதிந்தால், வங்கிக் குறியீடும் அவருக்கே போகும். பெரும்பாலும் அது ஒரு தடவைக்கே பயன்படும். எனவே இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிவையுங்கள்.

தொலைபேசி உடைந்தால் பழைய அட்டையைக் கழற்றி வேறொன்றில் போடலாம். இ-சிம்மில் அது இயலாது. இலக்கத்தின் உரிமையாளர் அடையாள அட்டையுடன் சென்று மீண்டும் பெறவேண்டிவரும். இடம்பெயர்வில் அடையாள அட்டையை இழந்து, உறவினர் பெயரிலோ அறை உரிமையாளர் பெயரிலோ சிம் எடுத்தவர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் பிரிந்து சென்றால் இலக்கமும் கைவிட்டுப் போகலாம்.

ஆகையால் முதல் வேலை இ-சிம் அல்ல. அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிசில் முறையிட்டு, கிராம அலுவலர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்திற்கு விண்ணப்பியுங்கள். பின்னர் இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதன்பின் அட்டையா, இ-சிம்மா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சாதாரணத் தொலைபேசி வைத்திருப்போருக்கு அட்டையே போதுமானது.