செப்டிக் டேங்குக்குள் மீத்தேன் எப்படி உருவாகிறது? மூடியைத் திறந்ததும் ஏன் இறங்கக் கூடாது?

கீழ்க்கட்டளை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் கழிவுநீர் லாரி வந்து நிற்பது புதிய காட்சி அல்ல. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான் கதி. அந்தத் தொட்டிக்குள் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்பவை நுண்ணுயிரிகள். அவை தரும் மீத்தேனைப் பிடித்து வைத்தால் எரிபொருள். தெரியாமல் உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஒரே கிருமியின் வேலையா?

இல்லை. காற்று புகாத இடத்தில் 4 குழுக்கள் வரிசையாக வேலை பார்க்கின்றன.

1. முதல் குழு மாவுச்சத்து, புரதம், கொழுப்பைச் சிறு துண்டுகளாக உடைக்கும்.
2. இரண்டாவது குழு அவற்றை அமிலங்களாகவும் ஆல்கஹாலாகவும் மாற்றும்.
3. மூன்றாவது குழு அவற்றிலிருந்து அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் தரும். அசிட்டிக் அமிலம் என்பது வினிகரில் இருக்கும் அதே புளிப்புதான்.
4. கடைசிக் குழு இவற்றைத் தின்று மீத்தேனை வெளியிடும். இவை பாக்டீரியாக்கள் அல்ல, 'ஆர்க்கியா' என்ற தனி வகை. ஆக்சிஜன் பட்டாலே இவற்றின் வேலை நின்றுவிடும்.

ஒன்றை விட்டால் இன்னொன்று இல்லை

மூன்றாவது குழு வெளியிடும் ஹைட்ரஜன் தேங்கினால், அந்தக் குழுவின் வேலையே முடங்கிவிடும். அதை உடனுக்குடன் காலி செய்வது நான்காவது குழு. ஒருவரின் கழிவு அடுத்தவருக்குச் சாப்பாடு. இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கம் என்றால், ஆல்கஹாலிலிருந்து மீத்தேன் தயாரிக்கும் ஒரே கிருமி என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்பியது, உண்மையில் சேர்ந்து வாழும் 2 கிருமிகள். 1967ல் மார்வின் பிரையன்ட் குழுவினர்தான் இதைக் கண்டுபிடித்தனர்.

சாண எரிவாயு கலனில் மீந்த சோற்றை அளவுக்கு மீறிக் கொட்டினால் வாயு வராமல் போவதும் இதனால்தான். அமிலம் தயாரிக்கும் குழுக்கள் வேகமானவை. மீத்தேன் குழு மெதுவாக வளர்வது. அமிலம் தேங்கி, கலன் புளித்துவிடும்.

சென்னையில் பயன்படுகிறதா?

ஆம். கோயம்பேடு சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளளவில் 2005ல் ஆலை அமைக்கப்பட்டது. பெருங்குடி, கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கசடிலிருந்து வரும் வாயுவை மின்சாரமாக மாற்றுகிறார்கள்.

ஆபத்து எங்கே?

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய தொட்டிக்குள் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

அதே தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடையும் உருவாக்கும். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது. அளவு கூடினால் இது மூக்கையே மரத்துப்போகச் செய்யும். 'நாற்றம் போயிடுச்சு, இனி இறங்கலாம்' என்ற நினைப்புதான் பல உயிர்களைப் பறிக்கிறது. மயங்கியவரைத் தூக்க அடுத்தடுத்து இறங்கியவர்களும் பலியாவது இப்படித்தான்.

என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரூ.30 லட்சமாக உயர்த்தியது. தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் லாரியை அழையுங்கள்; உதவி எண் 14420. மூடி அருகே தீக்குச்சி, சிகரெட் வேண்டாம். யாராவது உள்ளே மயங்கினால் பின்னாலேயே இறங்காமல், தீயணைப்புத் துறையை உடனே கூப்பிடுங்கள்.