ஒரு சிறு கோடு விடுபட்டால்: லினக்ஸ் கேர்னலும் பின் விவரிப்பும்

ஹேவாஹெட்டயில் மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால்தான், கொழுந்து வாட்டும் விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்ட நான் செய்துகொடுத்த சிறு கருவி கண்டபடி தகவல் தந்தபோது ஈரத்தைக் குறை சொன்னேன். இரண்டு நாள் வயர் மாற்றினேன், பெட்டிக்குச் சிலிக்கன் பூசினேன். கடைசியில் பிழை என் கோப்பில் இருந்தது. 'பயாஸ்-புல்-அப்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு இணைகோடு விடுபட்டிருந்தது.

லினக்ஸ் கேர்னல் அதற்கு ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. தனக்குத் தெரியாத சொல்லை அது பேசாமல் கடந்துபோய்விடும். சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின்னை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க ஆளில்லை. அது ஒன்றாகவும் பூச்சியமாகவும் மாறிக்கொண்டிருந்தது.

சிப் ஒன்றின் ஒரே பின்னுக்குப் பல வேலைகள் உண்டு. முதல் ராஸ்பெரி பையில் உள்ள பிசிஎம்2835 சிப்பில் 14ஆம் இலக்கப் பின் சாதாரண உள்ளீடாகவோ வெளியீடாகவோ இருக்கலாம், தொடர்நிலைத் தரவையும் அனுப்பலாம். எந்த வேலை என்பதை யார் சொல்வது? முன்பு ஏஆர்எம் போர்டுகளுக்கு அதைக் கேர்னல் நிரலுக்குள்ளேயே எழுதினார்கள். ஆளுக்கொரு மாதிரி குவிந்த அந்த நிரலைப் பற்றி 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே சினந்தார். பிறகு வன்பொருள் விவரங்கள் 'டிவைஸ் ட்ரீ' என்ற தனிக் கோப்புக்குப் போயின. பின்களைக் கவனிக்க லினஸ் வாலேய் கேர்னலில் தனிப் பிரிவொன்றை உருவாக்கினார்.

அந்தக் கோப்பில் என்னென்ன எழுதலாம் என்ற விதிகள் நெடுங்காலம் வெறும் உரையாகவே இருந்தன. மனிதன் வாசிக்கலாம், கணினியால் சரிபார்க்க முடியாது. 2019 அளவிலிருந்து அவை யாமல் வடிவ ஸ்கீமாக்களாக மாறி வருகின்றன. பட்டியலில் இல்லாத சொல்லுக்கு இடமில்லை என்று ஸ்கீமா சொல்லிவிட்டால், என்னுடைய விடுபட்ட கோடு சோதனைக் கட்டளையிலேயே அகப்பட்டிருக்கும். அந்த எரிச்சலில்தான் மற்றவர்கள் எழுதும் ஸ்கீமாக்களை வாசித்துத் திருத்தம் சொல்லத் தொடங்கினேன்.

எழுத்துப்பிழையைக் கணினி பார்த்துக்கொள்ளும். அதனால் பிடிக்க முடியாதது அர்த்தப் பிழை. பின் எவ்வளவு மின்னோட்டம் தாங்கித் தர வேண்டும் என்பதற்கு 'டிரைவ்-ஸ்ட்ரெந்த்' என்ற சொல் இருக்கிறது. அதில் 3 என்று எழுதினால் 3 மில்லிஅம்பியர் என்று பொருள். சிலர் சிப்பின் பதிவேட்டில் இடும் 0, 1, 2, 3 என்ற நிலை எண்ணை அப்படியே எழுதிவிடுவார்கள். எண் என்பதால் சோதனை சில வேளை விட்டுவிடும். தரவுத்தாளைத் திறந்து, அந்தச் சிப் உண்மையில் தரும் மில்லிஅம்பியர் அளவுகளை மட்டும் ஸ்கீமாவில் பட்டியலிடச் சொல்வது வாசிப்பவரின் வேலை.

இதில் அவசரப்பட முடியாது. டிவைஸ் ட்ரீ கோப்பு போர்டோடு சேர்ந்து விற்பனையாகிப் போய்விடலாம். நாளை வரும் கேர்னலும் அந்தப் பழைய கோப்பை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒருமுறை ஏற்றுக்கொண்ட பெயர் அசிங்கமாக இருந்தாலும் அதை வருடக்கணக்கில் சுமக்கத்தான் வேண்டும்.