பட்டறை மூலையில் கிடக்கும் செல்வம்

ஒரு தேசத்தின் செல்வம் களஞ்சியத்தில் மட்டும் இருப்பதன்று. குப்பையிலும் கொஞ்சம் கிடக்கிறது. இதைக் காண விரும்புவோர் அருகிலுள்ள தச்சுப் பட்டறையை எட்டிப் பார்த்தால் போதும். கதவும் ஜன்னலும் செய்தது போக எஞ்சிய துண்டுகள், இழைப்புளி சுருட்டி எறிந்த சுருள்கள், ரம்பம் உதிர்த்த தூள் யாவும் மூலையில் குவிந்திருக்கும். ஒரு தலைமுறைக் காலம் நின்று வளர்ந்த தேக்கு, ஒரு வேளை வெந்நீருக்கு இரையாகிறது. தச்சரோ அந்தத் துண்டுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறார்!

மரவகை வாரியாகவும் நீள வாரியாகவும் துண்டுகளைப் பிரித்து வைப்பதே முதல் வேலை. சாண் நீளக் கட்டை மத்தாகும், உளிக்குப் பிடியாகும். மெல்லிய ரீப்பர் படச் சட்டமாகும். அதனினும் சிறியது ஆப்பும் முளையுமாகும். கடைசல் பிடிப்பவருக்கோ கைக்கடங்கிய கட்டையே போதும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தைப் பாருங்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வர்ண அரக்கை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. தாழை மடலால் தேய்த்ததும் பளபளக்கிறது. பெரிய உத்தரமா வேண்டும், ஒரு கிலுகிலுப்பைக்கு?

தஞ்சையில் வீணைக்குப் பலாமரத்தைக் குடைகிறார்கள். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் அமைந்த ஏகாண்ட வீணையில் குடைந்து தள்ளும் செதில் கொஞ்சமன்று. அந்தப் பலாச் செதிலைக் கொதிக்க வைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும்; படிகாரம் சேர்த்தால் துணியில் நிலைக்கும். பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்த பிக்ஷுக்களின் ஆடைக்கு வண்ணம் தந்தது இதுவே.

தூளுக்கும் ஒரு வழி உண்டு. அடியில் பக்கவாட்டுத் துவாரமிட்ட தகர டப்பாவில், நடுவே ஒரு சீசாவையும் துவாரத்தின் வழியே ஒரு கட்டையையும் வைத்துச் சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடிக்க வேண்டும். பிறகு இரண்டையும் உருவிவிட்டுத் தீ மூட்டினால் மணிக்கணக்கில் நின்றெரியும். பிளைவுட் தூளை மட்டும் எரிக்கலாகாது; அதிலுள்ள பசையின் புகை பொல்லாதது. நல்ல மரத்தின் தூளும் சுவாசத்திற்கு ஆகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் அதைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களோடு சேர்த்தது. ஆகவே அறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றிலும் உயர்ந்த உபயோகம் ஒன்று உண்டு. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை மையமாகக் கொண்டே படிப்பு நடைபெற வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். மரத்திற்குப் பணமில்லை என்று பள்ளிகள் சொல்கின்றன. துண்டை வைக்க இடமில்லை என்று பட்டறைகள் சொல்கின்றன! இரண்டையும் சேர்த்து வைப்பாரில்லை. துண்டுக் கட்டையில் உளி பழகும் பையன் தவறாக வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. சரியாக வெட்டினால் ஒரு பம்பரம் லாபம். அளவும் கோணமும் புத்தகத்தில் இருப்பதைவிட மூலைமட்டத்தில் நன்றாக விளங்கும். தச்சரின் மகனே தகப்பன் தொழிலை விட்டுப் போகிற இக்காலத்தில், ஊர்ப் பிள்ளைகள் உளியைக் கையில் எடுப்பது சிறு காரியமா?

வாரம் ஒரு சாக்குத் துண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேரட்டும். அடுப்புக்கு வேறு விறகு கிடைக்கும்.