ராஜ்கோட்டிலிருந்து வந்த லேத்

2003-ல் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் 2,500 ரூபாய். அந்த வருடம் முதலாளி ராஜ்கோட்டிலிருந்து ஒரு லேத் வாங்கினார். விலை 5 லட்சம். சி ஃபார்ம் அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்ததால் பில்லில் மத்திய விற்பனை வரியை 4 சதவீதமாகப் போட்டிருந்தார்கள். 20,000 ரூபாய்.

சி ஃபார்ம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வெளிமாநிலத்தில் சரக்கு வாங்கினால், வாங்கியவர் தன் ஊர் வணிகவரி அலுவலகத்தில் அந்தப் படிவத்தை வாங்கி, நிரப்பி, விற்றவருக்கு அனுப்பவேண்டும். ஒரு படிவம் மூன்று பாகம். அடிக்கட்டை நம்மிடம் இருக்கும், மற்ற இரண்டும் பதிவுத் தபாலில் போகும். அது போய்ச் சேராவிட்டால் 4 சதவீதம் என்பது 10 சதவீதம் ஆகிவிடும். விற்ற மாநிலத்தில் உள்ளூர் வரி அதைவிடக் கூடுதலென்றால் அந்தக் கூடுதல் வரிதான். அதனால் பணத்தைவிடப் பத்திரமாக அந்தப் படிவங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம்.

லேத்துக்கான படிவத்தை எழுத உட்காரும் முன் ஒரு சந்தேகம் கேட்க வணிகவரி வட்ட அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எங்கள் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, பின்பக்கத்துப் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். இரும்பு, வார்ப்பு, வெல்டிங் ராடு, எண்ணெய். விரல் கடைசி வரியில் நின்றது. "மெஷினரின்னு எங்க இருக்கு?" என்றார். இல்லை. பட்டியலில் இல்லாத சரக்குக்கு சி ஃபார்ம் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. வரியில் ஒன்றரை மடங்கு வரை அபராதம் விழலாம். திருத்த மனு கொடுத்தோம். ஆனால் லேத் அதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது. இன்னும் 6 சதவீதம், 30,000 ரூபாய், முதலாளி கையை விட்டுப் போனது. என் ஒரு வருடச் சம்பளம் அது.

அவர் கோபப்படவில்லை. "ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா சர்டிபிகேட்டப் பாத்திருக்கோணும் தம்பி" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யார் மெஷின் வாங்கப்போகிறேன் என்று வந்தாலும் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறேன், வார்த்தைகளை மட்டும் மாற்றி.

அந்த 50,000 ரூபாயும் எங்கே போனது என்பதையும் சொல்லவேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மத்திய அரசின் வரி. வசூலித்து வைத்துக்கொள்வதோ சரக்கு கிளம்புகிற மாநிலம். லேத் ஓடியது கணபதியில், வரி போனது குஜராத்துக்கு. அந்த வரியை நாங்கள் விற்கும் சரக்கின் வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 2007-ல் தமிழ்நாட்டில் வாட் வந்தபிறகும் இது மாறவில்லை. விகிதம்தான் 4-லிருந்து 3 ஆகி, 2008-ல் 2 ஆனது.

லாரியும் சும்மா வந்துவிடாது. ஓசூர் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும். தாளில் ஒரு சுழி தப்பாக இருந்தால் டிரைவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். பட்டறையில் கிரேன் பேசி, ஆள் பேசி, அஸ்திவாரம் போட்டு வைத்துவிட்டு லாரி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் மூடப்பட்டன. இப்போது அதே பட்டறையை முதலாளியின் மகன் நடத்துகிறார். நான் அவருக்கும் அக்கம்பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கும் ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிறேன். மகன் சமீபத்தில் அதே ராஜ்கோட்டிலிருந்து ஒரு சிஎன்சி மெஷின் வாங்கினார். விலை 20 லட்சம், மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 3,60,000 ரூபாய். இ-வே பில்லை விற்றவரே போட்டு அனுப்பினார். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற லாரிக்கு அது தாராளம். எல்லையில் வரிசை இல்லை. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். இருட்டில், மழையில் டிரைவர்கள் நின்ற நிற்பைப் பார்த்தவன் நான்.

ஆனால் 4 சதவீதத்துக்குப் பயந்த இடத்தில் இன்று 18 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டுகிறோம். கட்டிய வரியை நம் விற்பனையின் வரியில் கழித்து இன்புட் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம், விற்றவர் தன் கணக்கில் அந்தப் பில்லை ஏற்றினால். விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து மாதாமாதம் நமக்கு வரும் பட்டியல் 2பி; 2022 ஜனவரி முதல் அதில் வராத பில்லுக்கு இன்புட் கிடையாது. பணம் கொடுத்தாயிற்று, மெஷின் ஓடுகிறது, கையில் பில் இருக்கிறது. அவர் ரிட்டர்ன் போடாவிட்டால் மூன்றரை லட்சத்துக்கு மேல் தொங்கிக்கொண்டு நிற்கும். அதுவும் பேங்க் கடன் பணம். சிறு பட்டறைக்காரரை இப்படி இன்னொருவரின் ஒழுங்கை நம்பி நிறுத்தியது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கடன் வாங்கி மெஷின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வரியையும் மெஷின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் எழுதிவிட்டால், அந்த வரிக்கு இன்புட் போய்விடும். ஆடிட்டரிடம் பில்லைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய மெஷின் வாங்க நேரே பெங்களூருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் பார்த்து, பேரம் பேசி, தங்கள் டெம்போவிலேயே ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் கவுண்டர் வியாபாரம் என்று கர்நாடகத்தின் எஸ்ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்துவிடுவார். அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் இன்புட்டாக எடுக்க முடியாது. சரக்கு எங்கே போய்ச் சேருகிறதோ அதுதான் கணக்கு, யார் வண்டி என்பதல்ல. நமது ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்து, ஐஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கவேண்டும். வண்டி கிளம்பும் முன் கேட்டால் இரண்டு நிமிட வேலை.

வண்டி வாங்குவதில் கதை வேறு. பாண்டிச்சேரியில் கார் வாங்கினால் மிச்சம் என்ற பேச்சு எங்கள் ஊரில் வெகுகாலமாக உண்டு. அதைத் தடுக்கத்தான் 1990-ல் தமிழ்நாடு வாகன நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தது. வெளியே வாங்கி இங்கே பதிவு செய்ய வந்தால் விற்பனை வரியின் வித்தியாசத்தைக் கட்டவேண்டும். வெளியூர்ப் பதிவாகிப் பதினைந்து மாதம் ஓடிவிட்டால் விலக்கு. எத்தனை பேர் அந்தப் பதினைந்து மாதத்தை நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

ஜிஎஸ்டியோடு நுழைவு வரிக்கான அதிகாரமே அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கார் மீதான ஜிஎஸ்டி பாண்டிச்சேரியிலும் ஒன்றுதான், பழனியிலும் ஒன்றுதான். 2023 அக்டோபர் முதல், பதிவில்லாத தனிநபர் வாங்கினாலும் பில்லில் எழுதிய முகவரியின் மாநிலத்துக்கே வரி சேர்கிறது. ஆனாலும் பாண்டிச்சேரியின் பி.ஒய். நம்பர் பலகைகள் குறையவில்லை. சாலை வரி மாநிலங்களின் கையிலேயே இருக்கிறதே. 2023 நவம்பரில் தமிழ்நாடு அதை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பதிவு வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து இங்குள்ள வரியைக் கட்டவேண்டும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை. வேலை மாற்றலாகிப் பெங்களூரிலிருந்து திரும்பும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பட்டறைப் பெயரில் கார் வாங்கினால் இன்புட் உண்டா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சரக்கு ஏற்றும் வண்டிக்கு உண்டு, சொந்த உபயோகக் காருக்குக் கிடையாது.

அன்று ராஜ்கோட்டிலிருந்துதான் போன் வரும், மற்ற கொள்முதலுக்கான சி ஃபார்ம் எப்போது வருமென்று. போன மாதம் 14-ஆம் தேதி, 2பி வருகிற நாள், ராத்திரி பத்து மணிக்கு முதலாளியின் மகன் கூப்பிட்டார்.

"அண்ணா, அந்த மெஷின் பில் ஏறிருச்சுங்களா?"

திறந்து பார்த்தேன். இல்லை. "காலையில ராஜ்கோட்டுக்குப் போன் போடறேனுங்க" என்றேன்.